பழைய தொழிலாளர் டெரஸ் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? வாங்கும் முன் கணக்குப் போடும் வழி

இங்கிலாந்தில் வீடு தேடத் தொடங்கும் நம் ஆட்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது ஒரு டெரஸ் வீட்டு வாசலில்தான். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், டூட்டிங், வால்தம்ஸ்டோ, எங்கே போனாலும் தெருத் தெருவாகச் சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். பெக்டன் கேஸ் தொழிற்சாலை, ராயல் டாக்ஸ் துறைமுகம், ரயில்வே என்று வேலைக்குப் போனவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக நூறு, நூற்றுமுப்பது வருடங்களுக்கு முன் மளமளவென்று கட்டியவை. இன்று ஈஸ்ட் ஹாமில் அப்படி ஒரு வீட்டுக்கு 5 லட்சம் பவுண்டை ஒட்டி விலை சொல்கிறார்கள். வடக்கே டர்ஹாம் கவுன்டியில், ஹோர்டன் என்ற பழைய சுரங்க ஊரில், சுரங்கத் தொழிலாளிக்குக் கட்டிய டெரஸ் வீடு 50,000 பவுண்டுக்குக் கீழேகூட ஏலத்தில் போகிறது. செங்கல் அதே செங்கல், படிக்கட்டு அதே செங்குத்துப் படிக்கட்டு. அப்படியென்றால் காசு எதற்குக் கொடுக்கிறோம்? இதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஏஜென்ட் சொல்லும் விலையைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

வீடு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

1875இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கட்டட விதிகள் போடும் அதிகாரத்தைக் கொடுத்தது. தெரு இவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வீட்டுக்குப் பின்னால் திறந்த இடம் வேண்டும், காற்றும் வெளிச்சமும் வர ஜன்னல் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. அதனால்தான் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வீடுகள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. வாங்குபவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. முன்னும் பின்னும் வெளிச்சம், பின்னால் ஒரு முற்றம், பல ஊர்களில் அதற்கும் பின்னால் ஒரு சந்து. எதிர்காலத்தில் நீட்டிக் கட்ட இடம் அங்கேதான் கிடைக்கிறது.

லீட்ஸ் பக்கம் தேடுகிறவர்கள் கொஞ்சம் கவனம். அங்கே ஹேர்ஹில்ஸ், பீஸ்டன், ஹோல்பெக் போன்ற பகுதிகளில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பின்சுவரே பக்கத்துத் தெரு வீட்டின் பின்சுவர். பின் ஜன்னலும் கிடையாது, முற்றமும் கிடையாது. 1909 சட்டம் இந்த வகையைத் தடை செய்தும் லீட்ஸ் 1930கள் வரை கட்டிக்கொண்டே இருந்தது. விலை குறைவாகத் தெரியும். ஆனால் சில வங்கிகள் இந்த வீடுகளுக்கு மோர்கேஜ் தருவதில்லை, அதனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் வாங்க வருகிறவர் எண்ணிக்கை குறைவு.

விலையில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு இடத்துக்கு?

பேட்டர்சியில் ஷாஃப்ட்ஸ்பரி பார்க் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1870களில் கைவினைஞர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் என்றே ஒரு கம்பெனி கட்டியது. வீடுகள் சின்னவை. இன்று அதில் ஒன்றை வாங்கத் தொழிலாளி என்ன, நல்ல சம்பளம் வாங்கும் டாக்டர் தம்பதிகூட யோசிக்க வேண்டும். டூட்டிங்கில் டாட்டர்டவுன் ஃபீல்ட்ஸ், லண்டன் கவுன்டி கவுன்சில் முதன்முதலில் கட்டிய காட்டேஜ் குடியிருப்பு, 1900களின் தொடக்கத்தில் தொழிலாளர்களுக்காக எழுந்தது. யார்க்‌ஷயரில் டைட்டஸ் சால்ட் தன் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்டிய சால்டேர் ஊர் 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இந்த இடங்களில் அழகும் வரலாறும் சேர்த்து விலை பேசுகிறார்கள். அதோடு கன்சர்வேஷன் ஏரியா என்ற கட்டுப்பாடும் வரும். முன்பக்க ஜன்னலைக்கூட நினைத்தபடி மாற்ற முடியாமல் போகலாம்.

மறுபக்கம் ஹோர்டன். சுரங்கம் 1987இல் மூடப்பட்டது, பக்கத்து ஊரான ஈசிங்டனில் 1993இல். வேலை போன ஊரில் வீட்டுக்கு விலை நிற்பதில்லை. 2020இல் ஹோர்டனுக்கு ரயில் நிலையம் திரும்ப வந்தது, அது ஒரு நல்ல செய்திதான், ஆனால் நிலையம் ஒன்று மட்டும் வந்து விலையைத் தூக்கி நிறுத்திவிடாது. லண்டனில் கதை வேறு. 2022இல் எலிசபெத் லைன் வந்தபோது ஃபாரஸ்ட் கேட், மேனர் பார்க் டெரஸ் வீடுகளின் விலையில் அந்த ரயில் எப்போதோ ஏறி உட்கார்ந்திருந்தது. ஏஜென்ட் இன்றைக்கும் அதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டால், தெருவில் போன வருடம் விற்ற விலையை எடுத்துக் காட்டுங்கள், போதும்.

அரசின் கையும் இதில் உண்டு. 2002இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் வட இங்கிலாந்து நகரங்களில் பழைய டெரஸ் தெருக்களைக் காலி செய்து இடிக்கத் தொடங்கினார்கள். லிவர்பூலின் வெல்ஷ் ஸ்ட்ரீட்ஸ், பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்த மேட்ரின் ஸ்ட்ரீட் உட்பட, வருடக்கணக்கில் பலகை அடித்துக் கிடந்தது. கடைசியில் இடிப்புத் திட்டம் கைவிடப்பட்டு, வீடுகளைப் புதுப்பித்து, சிலவற்றில் இரண்டை ஒன்றாக்கி, இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆளில்லாத வீடுகளை லிவர்பூலும் ஸ்டோக்கும் 1 பவுண்டுக்கு விற்றதும் நடந்தது, சொந்தச் செலவில் பழுது பார்த்து அங்கேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, வீடு நல்ல வீடா என்பது ஒரு கேள்வி, அந்தத் தெரு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் வேண்டுமென்றால் ஒரு வேலைநாள் பகலிலும் ஒரு வெள்ளிக்கிழமை இரவிலும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பலகை அடித்த ஜன்னல்கள், சந்தில் கொட்டிய மெத்தைகள், எல்லா வாசலிலும் வாடகை போர்டு என்றால் விலை ஏன் மலிவு என்று யாரும் விளக்க வேண்டாம்.

சதுர மீட்டர் கணக்கு

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். "மூன்று பெட்ரூம்" என்ற சொல்லுக்கு டெரஸ் வீட்டில் அர்த்தம் ரொம்பக் குறைவு. மூன்றாவது அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்பதும் மூன்று பெட்ரூம்தான்.

செய்ய வேண்டியது இது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் விற்பனை விலைப் பதிவு 1995 முதல் இணையத்தில் இலவசம். அதே தெரு, பக்கத்துத் தெரு, கடந்த ஒரு வருடத்தில் எந்த எண் எவ்வளவுக்குப் போனது என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அரசின் ஈபிசி தளத்துக்குப் போய் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் ஒவ்வொரு வீட்டின் எரிசக்திச் சான்றிதழும் வரும். அதில் எல்லோரும் ஏ முதல் ஜி வரையான தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மொத்தத் தரைப்பரப்பு சதுர மீட்டரில் அதிலேயே இருக்கிறது. விற்ற விலையைப் பரப்பால் வகுங்கள். 80 சதுர மீட்டர் வீடு 4,80,000க்குப் போயிருந்தால் சதுர மீட்டருக்கு 6,000 பவுண்ட். நீங்கள் பார்க்கும் வீடு 68 சதுர மீட்டர், கேட்பது 4,75,000 என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7,000 கேட்கிறார்கள். ஏன் என்று ஏஜென்டிடமே கேளுங்கள். பதில் பெரும்பாலும் புது கிச்சன் என்றுதான் வரும்.

ஒரு எச்சரிக்கை: சான்றிதழ் 10 வருடம் செல்லும் என்பதால், அதற்குப் பிறகு கூரைக்கு அடியில் லோஃப்ட் அறை கட்டியிருந்தால் பரப்பு பழையதாக இருக்கலாம். தேதியையும் பாருங்கள்.

பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதும் விலையில் பெரிய வேறுபாடு. இந்த வீடுகள் கட்டும்போது பாத்ரூமே கிடையாது, கழிப்பறை முற்றத்தின் கோடியில். பிறகு வந்தவர்கள் கிச்சனுக்குப் பின்னால் ஒட்டுப் போட்டுக் கட்டினார்கள். கீழே பாத்ரூம் இருக்கும் மூன்று பெட்ரூம் வீட்டை, மேலே பாத்ரூம் இருக்கும் மூன்று பெட்ரூம் வீட்டோடு ஒப்பிடாதீர்கள். மேலே கொண்டுபோக ஒரு அறையைக் கொடுக்க வேண்டும், ஆகவே அது உண்மையில் இரண்டு பெட்ரூம் வீடு. கணக்கை அப்படிப் போடுங்கள்.

வெளியே நின்று பார்க்க வேண்டியவை

உள்ளே போகும் அவசரம் வேண்டாம். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கூரையின் மேல்விளிம்பைப் பாருங்கள், பக்கத்து வீடுகளோடு சேர்த்து. உங்கள் வீட்டுக்கு மேலே மட்டும் கோடு நடுவில் தொய்ந்திருந்தால் பல நேரம் காரணம் இதுதான்: பழைய கூரை மெல்லிய ஸ்லேட் கல்லுக்காகச் செய்தது, பிறகு யாரோ அதை எடுத்துவிட்டு கனமான கான்கிரீட் ஓடு போட்டிருக்கிறார்கள், அடியில் மரச்சட்டத்தைப் பலப்படுத்தவில்லை.

செங்கல் வரிசையைக் கவனியுங்கள். நீளப்பக்கம், குறுக்குப்பக்கம் என்று மாறி மாறி இருந்தால் அது நடுவில் இடைவெளியில்லாத ஒன்பது அங்குலச் சுவர். பழைய டெரஸ் பெரும்பாலும் இதுதான். இந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது, ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசிப் புதுசாக்கியிருந்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். கூழாங்கல் ஒட்டிய பூச்சு முன்பக்கம் முழுக்க இருந்தால், அடியில் விரிசல் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையோரம் குனிந்து பாருங்கள். சின்ன ஓட்டைகள் உள்ள காற்றுச் செங்கற்கள் இருக்க வேண்டும், மரத் தரைக்கு அடியில் காற்றுப் போக அவைதான் வழி. முன்வாசலில் கான்கிரீட் போட்டவர் அவற்றைப் பாதி மூடியிருப்பார். வெளித்தரை, மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் வைக்கும் ஈரத்தடுப்பு வரிசைக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் உள்சுவரில் ஈரம் நிச்சயம். இதற்குத் தீர்வு பல நேரம் மண்ணை வெட்டி எடுப்பதுதான். ஆனால் இலவசமாக ஈரம் பார்க்க வருகிற கம்பெனிக்காரர் சுவரில் ரசாயனம் ஏற்றச் சொல்வார், ஏனென்றால் அவர் விற்பது அதைத்தான்.

லண்டனில் இன்னொன்று, களிமண். வறண்ட கோடையில் மண் சுருங்கி, முன்னால் துருத்தி நிற்கும் பே ஜன்னல் வீட்டிலிருந்து பிரிந்து போகப் பார்க்கும். பே சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் விரிசல் இருந்து, பக்கத்தில் பெரிய மரமும் இருந்தால் இன்சூரன்ஸ் வரலாற்றைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டாம்.

உள்ளே

கிரே பெயின்ட், லாமினேட் தரை, ஸ்பாட்லைட், பளபளக்கும் கிச்சன். இந்தக் கோலத்தில் ஒரு வீட்டைக் கண்டால் போன வருடம் அது எவ்வளவுக்கு விற்றது என்று பதிவில் பாருங்கள். ஏலத்தில் வாங்கி, மேல்பூச்சு மட்டும் செய்து, எண்பதாயிரம் ஏற்றி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நாற்பது வருடம் ஒரே குடும்பம் இருந்து, பூப்போட்ட வால்பேப்பரும் பழுப்பு கார்ப்பெட்டுமாக இருக்கும் வீடு மேல். குறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், விலை பேசவும் இடம் இருக்கும்.

அடுப்புப் புகைபோக்கியைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு அறையிலும் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் அந்தத் தூண் கீழே இருந்து கூரை வரை ஒரே கட்டுமானம். மேல்மாடி அறையில் அது இருக்கிறது, கீழே அதே இடத்தில் சுவர் தட்டையாக இருக்கிறது என்றால் இடம் கிடைக்கட்டும் என்று யாரோ கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் மேலே நிற்கும் டன் கணக்கான செங்கலை இப்போது யார் தாங்குகிறார்கள்? இரும்பு பீம் போட்டதற்கு கட்டடக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் கேளுங்கள். முன் அறையையும் நடு அறையையும் இடித்து ஒன்றாக்கிய வீட்டுக்கும் இதே கேள்விதான்.

ஏஜென்ட் மறுக்காவிட்டால் லோஃப்ட் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய டெரஸ் சிலவற்றில் வீடுகளுக்கிடையே உள்ள சுவர் கூரை வரை போகாது. தலையை நீட்டினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். நெருப்புப் பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது, சர்வேயர் கட்டாயம் எழுதுவார், அடைக்கும் செலவு உங்களுடையது. அதே டார்ச்சோடு, நடுவில் நின்று உச்சி உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 2.2 மீட்டருக்குக் குறைவென்றால் லோஃப்ட் அறை கனவுக்கு ஏகப்பட்ட செலவு ஆகும். உயரம் இருந்தால், சாதாரண டெரஸ் வீட்டில் 40 கன மீட்டர் வரை கூரையைப் பெரிதாக்கவும், பின்னால் 3 மீட்டர் வரை ஒரு தளம் நீட்டவும் பொதுவாகத் தனித் திட்ட அனுமதி வேண்டாம். கன்சர்வேஷன் ஏரியாவில் இந்தச் சலுகை சுருங்கும், ஃப்ளாட்டாகப் பிரித்த வீட்டுக்கு இல்லவே இல்லை. ஏற்கெனவே லோஃப்ட் கட்டியிருக்கிறது, சான்றிதழ் இல்லை என்றால் அதை பெட்ரூம் என்று எண்ணிக் காசு கொடுக்காதீர்கள். சாமான் போடும் இடம், அவ்வளவுதான்.

காகிதம்

டெரஸ் வீடென்றால் ஃப்ரீஹோல்டுதான், அதாவது நிலமும் நமக்கே சொந்தம் என்று நினைப்போம். பெரும்பாலும் சரி. மான்செஸ்டர், போல்டன் பக்கம் 999 வருட லீஸில் நிறைய வீடுகள் உண்டு, வருட வாடகை சில பவுண்ட்தான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கட்ட மறந்தால் தொல்லை, நீட்டிக் கட்ட நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். அதே பகுதியில் ஃப்ரீஹோல்ட் வீட்டின் மேலேயே ரென்ட்சார்ஜ் என்று ஒரு பழைய கட்டணம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1977 சட்டப்படி இவற்றில் பெரும்பாலானவை 2037இல் தானாக ஒழிந்துவிடும்.

இரண்டு வீட்டுக்கு நடுவே பின்முற்றத்துக்குப் போக ஒரு குகை மாதிரி வழி இருந்து, அதன் மேல் உங்கள் படுக்கையறை நீண்டிருந்தால், அறைக்குக் கீழே உள்ள நிலம் உங்களுடையதா என்று சொலிசிட்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள். சில வங்கிகள் இதில் முகம் சுளிக்கும். பக்கத்து வீட்டார் குப்பைத் தொட்டியை உங்கள் முற்றம் வழியாக எடுத்துப் போக உரிமை உள்ளதா என்பதும் பத்திரத்தில் இருக்கும். பின்னால் போட்ட எக்ஸ்டென்ஷன் பொதுச் சாக்கடைக் குழாயின் மேல் நிற்கிறதா? பல வீடுகளுக்குப் பொதுவாகப் பின்முற்றம் வழியே ஓடும் குழாய்களின் பொறுப்பு 2011இல் தண்ணீர் கம்பெனிகளுக்குப் போனது. அதன் மேல் கட்ட அவர்கள் ஒப்புதல் வேண்டும். சுரங்கப் பகுதியென்றால், வீட்டுக்கு அடியில் பழைய சுரங்கம் உண்டா என்று சொல்லும் நிலக்கரித் தேடல் அறிக்கை தவறாமல் வாங்குங்கள்.

சான்றிதழ் இல்லாத வேலைக்கு விற்பவர் தரப்பு "இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்வார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அது காப்பாற்றும். பீம் இல்லாமல் புகைபோக்கி கீழே வந்தால் காப்பாற்றாது.

வங்கி அனுப்பும் மதிப்பீடு வங்கிக்காக. உங்களுக்கென்று ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்களின் சங்கம்) லெவல் 3 என்ற விரிவான சர்வே எடுங்கள். ஆயிரம் பவுண்டை ஒட்டியோ மேலேயோ ஆகும், இந்த வயது வீட்டுக்கு அதில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வரியும் பேரமும்

ஏப்ரல் 2025 முதல் இங்கிலாந்தில் முத்திரை வரி: முதல் 1,25,000க்கு இல்லை, 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். முதல் வீடு வாங்குகிறவருக்கு 3,00,000 வரை வரி இல்லை, 5,00,000 வரை மிச்சத்துக்கு 5 சதவீதம். விலை 5 லட்சத்தை ஒரு பவுண்ட் தாண்டினாலும் அந்தச் சலுகை முழுக்கப் போய்விடும். 5,00,000க்கு வரி 10,000. 5,05,000க்கு 15,250. கிழக்கு லண்டன் டெரஸ் விலைகள் சரியாக இந்தக் கோட்டைச் சுற்றியே நிற்பதால், பேரத்தில் கடைசி ஐயாயிரத்துக்காக நீங்கள் பிடிவாதம் பிடிப்பது முற்றிலும் நியாயம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். முதல் வீடு என்றால் உலகத்தில் எங்குமே வீடு இருந்திருக்கக் கூடாது. சென்னையில் உங்கள் பேரில் ஒரு ஃப்ளாட், யாழ்ப்பாணத்தில் அப்பா எழுதிவைத்த வீட்டில் ஒரு பங்கு, இதில் எது இருந்தாலும் சலுகை கிடையாது. அங்கே இருக்கும் சொத்தில் உங்கள் பங்கு 40,000 பவுண்டோ மேலேயோ பெறுமானம் என்றால், இது கூடுதல் வீடாகக் கணக்காகி மொத்த விலைக்கும் இன்னொரு 5 சதவீதம் ஏறலாம். 4,80,000 வீட்டுக்கு சாதாரண வரி 14,000, கூடுதல் வீட்டுக்கு 38,000. அண்மையில் வாரிசாக வந்த சிறு பங்குக்கு விதிவிலக்கு உண்டு. விலை பேசும் முன்பே சொலிசிட்டரிடம் ஊர்ச் சொத்தை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கணவன், மனைவி இருவர் நிலையும் சேர்த்தே பார்க்கப்படும்.

சர்வே வந்ததும் அதில் சிவப்பு போட்டவற்றுக்கு மட்டும் இரண்டு மேஸ்திரிகளிடம் எழுத்தில் விலை வாங்கி, அந்தக் காகிதத்தோடு ஏஜென்டிடம் போங்கள். "கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று கேட்டால் ஆயிரம் குறையும். கூரைக்கு இவ்வளவு, பீமுக்கு இவ்வளவு என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

வடக்கே மலிவாக ஒன்று வாங்கி வாடகைக்கு விடலாமா?

லண்டனில் இருந்துகொண்டு ஹோர்டனிலோ பர்ன்லியிலோ ஏலத்தில் ஒன்று எடுத்துப் போடலாம் என்று பேச்சு அடிக்கடி வரும். காகிதத்தில் வாடகை விகிதம் கண்ணைப் பறிக்கும். ஆனால் 50,000 பவுண்ட் வீட்டுக்குப் பல வங்கிகள் கடனே தராது, கையில் முழுப் பணம் வேண்டும். சுத்தியல் விழுந்த அன்றே 10 சதவீதம், பொதுவாக 28 நாளில் மிச்சம், அதன் மேல் ஏலக் கம்பெனியின் கட்டணம், கூடுதல் வீட்டு வரி. வாடகைக்கு விட கவுன்சில் உரிமம் தேவையா என்று முதலில் பாருங்கள், டர்ஹாம் கவுன்டியின் பல பகுதிகளில் வேண்டும், லண்டனில் நியூஹாம் 2013லேயே தொடங்கிவிட்டது. ஈபிசி தரம் குறைந்தது ஈ இருந்தால்தான் பொதுவாக வாடகைக்கு விடலாம். ஒன்பது அங்குலச் சுவருக்கு உள்ளே காப்புப் பலகை வைத்துத் தரத்தை ஏற்றும் செலவு ஹோர்டனிலும் பேட்டர்சியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 5 லட்சம் வீட்டில் பத்தாயிரம் செலவு என்பது சமாளிக்கக் கூடியது. 45,000 வீட்டில் அதே பத்தாயிரம் இரண்டு வருட வாடகையைத் தின்றுவிடும், அதுவும் ஒரு மாதம்கூட ஆள் இல்லாமல் கிடக்காவிட்டால். கூரை ஒழுகுகிறது என்று வாடகைக்காரர் போன் செய்தால் போய்ப் பார்க்க அங்கே உங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆள் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டு, அப்புறம் ஏலத்துக்குப் பதிவு செய்யுங்கள்.